'தி கிவர்' நாவலில் அறிவியல் எங்கே இருக்கிறது?

லோயிஸ் லௌரியின் 'தி கிவர்' நாவலைப் படித்து முடித்ததும் ஏமாற்றமே மிஞ்சியது என்று எழுதியிருக்கிறீர்கள். அறிவியல் புனைகதை என்று பலரும் பரிந்துரைத்த நூலில் விண்கலமும் இல்லை, எந்திர மனிதனும் இல்லை. ஒருவருடைய நினைவு இன்னொருவரின் முதுகில் கை வைத்தவுடன் எப்படி இடம் மாறுகிறது என்பதற்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லை. நடையோ சிறுவர் கதையைப் போல் இருக்கிறது. முடிவில் ஜோனஸ் பிழைத்தானா, இறந்தானா என்பதே விளங்கவில்லை. இதை ஏன் இத்தனை பேர் கொண்டாடுகிறார்கள் என்பது உங்கள் கேள்வி. நீங்கள் சொன்ன குறைகளில் பாதியை நானும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 'நடை சிறுவர் கதையைப் போல் இருக்கிறது' என்பதை மட்டும் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும். இந்த நாவலின் சாமர்த்தியம் முழுவதும் அந்த எளிய நடைக்குள்தான் ஒளிந்திருக்கிறது. (இன்னும் படிக்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது, கதையை முழுவதுமாக வெளிப்படுத்தாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இயலாது.)

நூல் 1993இல் வெளிவந்தது. அமெரிக்கச் சிறார் இலக்கியத்தின் உயரிய விருதான நியூபெரி பதக்கத்தை 1994இல் பெற்றது. லௌரிக்கு அது இரண்டாவது நியூபெரி. கதை நடக்கும் சமூகத்தில் பசியில்லை, போரில்லை, வேலையின்மையில்லை. வானிலை கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது, மலைகள் சமன்படுத்தப்பட்டிருக்கின்றன, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் ஆண் குழந்தையும் ஒரு பெண் குழந்தையும் ஒதுக்கப்படுகின்றன, பன்னிரண்டு வயதானதும் ஒருவர் வாழ்நாள் முழுவதும் செய்ய வேண்டிய பணியை மூத்தோர் அவை அறிவிக்கிறது. ஜோனஸ் என்ற சிறுவனுக்கு 'நினைவுகளை ஏற்பவர்' என்ற பணி கிடைக்கிறது. சமூகம் துறந்துவிட்ட பழைய உலகின் நினைவுகள் அனைத்தையும் ஒரே ஒரு முதியவர் சுமந்துகொண்டிருக்கிறார். அவற்றை அவரிடமிருந்து பெற்றுக்கொள்வதே அவனுடைய பயிற்சி.

கதை படர்க்கையில் சொல்லப்படுகிறது. ஆனாலும் ஜோனஸ் காணாத எதையும் கதைசொல்லி காண்பதில்லை. அவனுக்கு வியப்பளிக்காத எதையும் நமக்கு விளக்குவதில்லை. இளையோருக்கான நாவல்கள் பலவற்றில் இதே உத்தி இருப்பதால் நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. லௌரி அந்த அலட்சியத்தையே பயன்படுத்திக்கொள்கிறார். மூன்றாவது அத்தியாயத்தில் வரும் ஆப்பிளை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோனஸும் அவன் நண்பன் ஆஷரும் ஓர் ஆப்பிளைத் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடுகிறார்கள். அது காற்றில் பறக்கும்போது ஒரு கணம் 'மாறுகிறது'. கைக்கு வந்ததும் பழையபடி ஆகிவிடுகிறது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். அதே அளவு, அதே உருண்டை வடிவம், தான் உடுத்தியிருக்கும் ஆடையை ஒத்த, குறிப்பிட்டுச் சொல்ல ஏதுமற்ற அதே சாயல். விதியை மீறி வீட்டுக்கு எடுத்துச்சென்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்தும் சோதிக்கிறான். ஒன்றும் தெரியவில்லை.

அந்த வருணனையை முதன்முறை படிக்கும் ஒருவர் எதை நினைத்துக்கொள்கிறார்? ஆப்பிள் பெரிதானதோ, வடிவம் குலைந்ததோ, ஏதாவது மாயமோ என்று பலவற்றையும் எண்ணுவார். ஆப்பிளும் அவன் ஆடையும் ஒரே சாயல் என்று ஆசிரியர் நேராகவே சொல்லிவிட்டபோதும், அதில் உள்ள விபரீதம் உறைப்பதில்லை. ஏனென்றால், படிக்கத் தொடங்கிய கணத்திலேயே அந்த ஆப்பிளுக்கு நாம் மனத்துக்குள் நிறம் பூசிவிட்டோம். அதன் பிறகு அவனுடைய தோழி ஃபியோனாவின் கூந்தல் ஒரு கணம் மாறுகிறது. விழா அரங்கில் திரண்டிருப்பவர்களின் முகங்கள் மாறுகின்றன. கண்களைப் பற்றிச் சொல்லும்போதும் வெளிர், அடர் என்ற வேறுபாட்டைத் தாண்டி ஆசிரியர் எதுவும் சொல்வதில்லை. மொத்தம் 23 அத்தியாயங்கள் கொண்ட நாவலில் 12ஆவது அத்தியாயத்தில்தான் முதியவர் உண்மையை உடைக்கிறார்: நீ சிவப்பு நிறத்தைக் காணத் தொடங்கியிருக்கிறாய். அதாவது, பாதி நாவல் வரை நிறமே இல்லாத ஓர் உலகில் நாம் உலவிக்கொண்டிருந்தோம்; அது நமக்குத் தெரியவில்லை.

அந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போகாத வாசகர் குறைவு என்றே நினைக்கிறேன். திரும்பிப் போய்த் தேடினால் ஆசிரியர் எந்த இடத்திலும் பொய் சொல்லவில்லை என்பது தெரியவரும். நிறத்தைக் குறிக்கும் சொற்களை அவர் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான். தாம் எதை இழந்திருக்கிறோம் என்பது அந்த மக்களுக்குத் தெரியாது என்று சொல்வது எளிது. எந்த ஆசிரியரும் சொல்லிவிடுவார். அந்த அறியாமையை வாசகரையே அனுபவிக்க வைப்பது அரிது. நீங்கள் குறை கண்ட எளிய, அலங்காரமற்ற நடை இல்லாமல் இதைச் சாதித்திருக்க முடியாது. வருணனை செறிந்த ஒரு நடையில் நிறங்கள் இல்லாமல் போனால் பத்தாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவோம். வருணனையே குறைவான நடையில் எதுவும் விடுபட்டதாகத் தோன்றாது.

2014இல் வந்த திரைப்படத்தை ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அந்தப் படம் கறுப்பு-வெள்ளையில் தொடங்குகிறது. முதல் காட்சியிலேயே பார்வையாளருக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. ஜோனஸுக்கு மட்டும் தெரியவில்லை. நாவலில் நாம் அந்தச் சமூகத்தின் குடிமக்களாக இருந்தோம். படத்தில் வெளியே நின்று பரிதாபப்படுகிறோம். படம் எடுத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. திரையில் வேறு எப்படி எடுக்க முடியும் என்று எனக்கும் தோன்றவில்லை.

நிறத்தைக் கையாண்ட அதே முறையில்தான் வன்முறையையும் லௌரி கையாளுகிறார். 'விடுவித்தல்' என்ற சடங்கு முதல் பக்கங்களிலேயே வந்துவிடுகிறது. வழி தவறிய ஒரு விமானி விடுவிக்கப்படுவார் என்ற அறிவிப்பு ஒலிபெருக்கியில் கேட்கிறது. முதியவர்களைக் கொண்டாட்டத்துடன் விடுவிக்கிறார்கள். இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததை விடுவிக்கிறார்கள். விடுவிக்கப்பட்டவர்கள் 'வேறிடம்' செல்வதாக அனைவரும் நம்புகிறார்கள். விடுவித்தல் என்பது கொலையே என்பதை வயது வந்த வாசகர் முன்கூட்டியே ஊகித்துவிடுவார் என்பது உண்மை, நீங்களும் ஊகித்திருப்பீர்கள். ஆயினும் அந்தக் காட்சி வரும்போது அது தாக்குவதற்குக் காரணம் செய்தியில் இல்லை, ஜோனஸின் தந்தையிடம் இருக்கிறது.

அவர் குழந்தைகளைப் பராமரிக்கும் பணியில் இருப்பவர். நாவலிலேயே மிகவும் மென்மையான மனிதர். நன்றாக வளராத கேப்ரியல் என்ற குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்தால் தேறிவிடுமோ என்ற ஆசையில், விதியை மீறிப் பெயர்ப் பட்டியலை ரகசியமாகப் பார்த்தவர். இரவு நேரங்களில் அதை வீட்டுக்கே எடுத்துவந்து கவனித்துக்கொண்டவர். முதியவர் காட்டும் ஒளிப்பதிவில் அதே தந்தை, இரட்டையரில் சிறிய குழந்தையின் நெற்றி நரம்பில் ஊசியைச் செலுத்துகிறார். கொஞ்சு மொழியில் பேசிக்கொண்டே செலுத்துகிறார். குழந்தை துவண்டு அடங்கியதும் ஓர் அட்டைப்பெட்டியில் இட்டுக் குப்பைச் சரிவு வழியாகத் தள்ளிவிட்டுக் கையசைத்து விடைகொடுக்கிறார். போர்க்களத்தில் தன் கண்முன் இறந்த ஒரு சிறுவனின் நினைவை அதற்கு முன்பே பெற்றிருந்ததால்தான், அந்த அசைவின்மை இன்னதென்று ஜோனஸுக்குப் புரிகிறது. தந்தைக்குப் புரியவில்லை. அவரிடம் கொடூரம் இல்லை. கொடூரத்தை அடையாளம் காணும் கருவிதான் இல்லை. பின்னர் கேப்ரியலை விடுவிக்கலாம் என்ற முடிவுக்குத் தானும் வாக்களித்ததாக அவர் இயல்பாகச் சொல்லும்போது, சர்வாதிகாரியை எதிரியாக வைத்து எழுதப்பட்ட எந்த இளையோர் நாவலும் தராத ஓர் அச்சம் பிறக்கிறது.

இப்போது அறிவியலுக்கு வருகிறேன். இங்கே உங்கள் பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது. ஒரு சமூகம் முழுவதையும் நிறக்குருடாக்குவது எப்படி? முழு நிறக்குருடு உண்மையில் உண்டு. மைக்ரோனீசியாவின் பிங்கலாப் பவளத்தீவில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வீசிய பெரும்புயலுக்குப் பின் ஏறத்தாழ இருபது பேரே எஞ்சினார்கள். அவர்களுள் ஒருவரிடமிருந்த மரபணுக் குறைபாடு வழிவழியாகப் பரவி, இன்று அங்குள்ளவர்களில் பத்தில் ஒருவர் வரை நிறமே காணாதவர்களாக இருக்கிறார்கள். ஆனால் விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்பு அணுக்கள் இயங்காத அவர்களுக்குப் பகல் வெளிச்சம் கண்ணைக் கூசச்செய்கிறது. பார்வைக் கூர்மையும் குறைவு. அந்திப்பொழுதில்தான் அவர்களால் இயல்பாகப் பார்க்க முடிகிறது. ஜோனஸின் மக்களோ நடுப்பகலில் பந்து விளையாடுகிறார்கள், மிதிவண்டி ஓட்டுகிறார்கள். அது மட்டுமன்று, கூம்பு அணுக்களே பழுதாகியிருந்தால் அவனுக்கு ஆப்பிளின் சிவப்பு ஒரு கணம்கூடப் பளிச்சிட்டிருக்காது. ஆகவே கண் சரியாக இருந்து, மூளையில் நிறத்தை உணரும் பகுதி மட்டும் முடக்கப்பட்டிருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். மூளைக் காயத்தால் அப்படி நிறத்தை மட்டும் இழந்தவர்கள் மருத்துவ வரலாற்றில் இருக்கிறார்கள். இந்த ஊகத்துக்கு நாவல் எந்த உதவியும் செய்யவில்லை. மரபணு அறிவியலர்கள் இன்னும் இதில் முழு வெற்றி பெறவில்லை, ஃபியோனாவின் கூந்தல் அவர்களுக்குப் பெரும் தலைவலியாக இருக்கும் என்று முதியவர் சொல்வதோடு முடித்துக்கொள்கிறது.

நினைவு கைமாறும் விஷயம் இதைவிடப் பலவீனமானது. நினைவு என்பது நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகளில் ஏற்படும் மாற்றம். தொடுகையால் அது கடந்துபோக வழியில்லை. 1960களில் ஜேம்ஸ் மெக்கானல் என்ற அமெரிக்க உளவியலாளர், பயிற்சி பெற்ற தட்டைப்புழுக்களைத் துண்டாக்கிப் பயிற்சி பெறாத புழுக்களுக்கு உணவாகக் கொடுத்தால் பயிற்சியும் சேர்ந்து போய்ச்சேருகிறது என்று வாதிட்டார். பிற ஆய்வகங்களில் அந்த முடிவு நம்பகமாகத் திரும்பக் கிடைக்கவில்லை. லௌரி அந்த அளவுக்குக்கூட மெனக்கெடவில்லை. கொடுத்தவரிடமிருந்து நினைவு அழிந்துவிடுகிறது. பெற்றவர் ஊரை விட்டுப் போனால் அது மக்களிடம் திரும்பிவிடுகிறது. பத்தாண்டுகளுக்கு முன் பயிற்சியைத் தாங்க முடியாமல் தன்னை விடுவிக்கும்படி கேட்டுக்கொண்ட ரோஸ்மேரி என்ற பெண்ணின் நினைவுகள் அப்படித்தான் ஊருக்குள் சிதறிக் குழப்பம் விளைவித்தன. இது இயற்பியலுக்கு உட்பட்ட உலகின் விதி அன்று, நீதிக்கதையின் விதி. இறுகிய அறிவியல் தர்க்கத்தை எதிர்பார்த்து வந்த வாசகர் ஏமாறுவது இயல்பே.

இருந்தும் இதை அறிவியல் புனைகதை என்ற வகையிலிருந்து விலக்க எனக்கு மனம் வரவில்லை. ஓர் அனுமானத்தை எடுத்துக்கொண்டு, அதன் சமூக விளைவுகளைக் கடைசிவரை விடாமல் துரத்திச் செல்வதும் அந்த வகையின் வேலைதான். அந்தத் துரத்தலில் லௌரி கறாரானவர். நான்கு முதல் ஆறு வயது வரை குழந்தைகளின் சட்டைக்குப் பின்பக்கம் பொத்தான் வைத்திருப்பார்கள். ஒருவர் சட்டையை இன்னொருவர் பூட்டிவிடுவதன் மூலம் பிறரைச் சார்ந்திருக்கக் கற்பதற்காக. ஏழாம் வயதில் முன்பக்கப் பொத்தான் வைத்த சட்டை கிடைக்கும். ஒன்பதாம் வயதில் மிதிவண்டி. ஆற்றில் தவறி விழுந்து இறந்த ஒரு குழந்தையின் பெயரை மக்கள் அனைவரும் குரல் தேய்ந்து மறையும் வரை திரும்பத் திரும்ப உச்சரித்துத் துயரத்தைத் தீர்த்துவிட்டு, அதே பெயரை மற்றொரு குழந்தைக்கு இட்டு அதே பெற்றோரிடம் ஒப்படைக்கிறார்கள். யானை, கரடி, நீர்யானை ஆகியவை குழந்தைகளின் பொம்மைகளாக மட்டும் எஞ்சியிருக்கின்றன. அவை கற்பனை உயிர்கள் என்றே மக்கள் நினைக்கிறார்கள். போகிற போக்கில் சொல்லப்படும் இந்தச் சிறு தகவல்கள் ஒவ்வொன்றும் ஒரு முழு நிர்வாக அமைப்பை நம் முன் நிறுத்திவிடுகின்றன.

அவற்றுள் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது மூத்தோர் அவை முதியவரை நாடும் முறை. மக்கள்தொகையைக் கூட்டிக் கூடுதல் தொழிலாளர்களைப் பெறலாமா என்று அவை ஒருமுறை அவரிடம் ஆலோசனை கேட்கிறது. வேண்டாம் என்கிறார் அவர். அந்த அறிவுரை பட்டினியைப் பற்றிய நினைவிலிருந்து வருகிறது. பட்டினியின் வலி அவருக்கு. அதன் பயன் அவைக்கு. வரலாற்றை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, தேவைப்படும்போது மட்டும் கதவைத் தட்டி முடிவை வாங்கிக்கொண்டு போகும் ஓர் அரசு அது. நிறம், பனி, இசை எல்லாவற்றையும்விட இந்த ஏற்பாடுதான் நாவலின் ஆழமான கற்பனை என்பது என் கருத்து. இதன் விதை ஆசிரியரின் சொந்த வாழ்வில் இருக்கிறது. முதுமையில் நினைவிழந்து வந்த அவருடைய தந்தை, தன் மூத்த மகள் இளம் வயதிலேயே இறந்துபோனதை மறந்துவிட்டிருந்ததைத் தமது நியூபெரி ஏற்புரையில் லௌரி குறிப்பிட்டிருக்கிறார். மறதி வலியைப் போக்கியது. வலியோடு மகளையும் கொண்டுபோனது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஜோனஸ் தப்பிச்செல்லும் கடைசி அத்தியாயங்கள் அவசர கதியில் நகர்கின்றன. வாரக்கணக்கான பயணம் சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. வெப்பத்தை வைத்து ஆளைத் தேடும் விமானங்களிடமிருந்து தப்புவதற்காகக் குளிரின் நினைவைக் குழந்தைக்குக் கடத்தி உடலைக் குளிர்விக்கிறான் என்ற இடத்தில் என் நம்பிக்கை அறுந்துவிட்டது. முதியவரின் பாத்திரமும் எனக்கு நெருடலாகவே இருக்கிறது. ரோஸ்மேரியின் முடிவைக் கண்ணால் கண்ட பிறகும் பத்தாண்டுகள் அவர் எதுவும் செய்யவில்லை. அவள் அவருடைய மகள் என்ற செய்தியை வெகுவாகத் தாமதித்துச் சொல்வது உருக்கத்துக்காகச் செய்யப்பட்டதாகத் தோன்றுகிறது. பெண் பாத்திரங்கள் மெலிந்தவை. மூன்று குழந்தைகளைப் பெற்றுக்கொடுத்துவிட்டு அதன் பின் உடலுழைப்புக்கு அனுப்பப்படும் 'பெற்றெடுக்கும் தாய்மார்' பற்றி ஓரிரு உரையாடல்களோடு நாவல் கடந்துபோய்விடுகிறது. அந்த உலகிலேயே மிகக் கொடிய ஏற்பாடு அதுவாக இருக்கக்கூடும்.

இறுதியாக முடிவு. பனிமலையின் உச்சியில் ஜோனஸுக்கு ஒரு சறுக்குவண்டி கிடைக்கிறது, குழந்தையை அணைத்தபடி கீழே சறுக்குகிறான், ஒளிவிடும் சன்னல்கள் தெரிகின்றன, இசை கேட்கிறது. அவன் பெற்ற முதல் நினைவே பனியில் சறுக்குவண்டியில் போவதுதான். பட்டினியாலும் குளிராலும் உயிர் போய்க்கொண்டிருக்கும் சிறுவனின் மூளை அதையே மீண்டும் ஓட்டிக்காட்டுகிறது என்று வாசிப்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் எதிர்ச்சான்றும் நாவலிலேயே இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. 20ஆவது அத்தியாயத்தில், தன்னிடம் மட்டுமே இருக்கும் இசையில் கொஞ்சத்தைத் தருவதாக முதியவர் சொல்கிறார். நான் போன பிறகு அது உங்களிடமே இருக்கட்டும் என்று ஜோனஸ் மறுத்துவிடுகிறான். ஆகவே இசை அவனுக்குக் கொடுக்கப்பட்ட நினைவுகளில் இல்லை. இல்லாத ஒன்றை நினைவுகூர முடியாது. மலையடிவாரத்தில் கேட்பது வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். தான் விட்டுவந்த ஊரிலிருந்தும் இசை கேட்பதாக அவனுக்குத் தோன்றுகிறது; அது எதிரொலியாகவும் இருக்கலாம் என்று கூறி ஆசிரியர் நிறுத்திக்கொள்கிறார். இரண்டு வாசிப்புகளுக்கும் சான்று வைத்து, இரண்டையும் நிறைவு செய்யாமல் விட்டது கவனக்குறைவினால் அல்ல. முடிவு ஒன்றே என்று சொல்ல லௌரி நெடுங்காலம் மறுத்தும் வந்தார்.

பின்னர் அவரே அந்தக் கதவை மூடிவிட்டார். 2000இல் 'கேதரிங் ப்ளூ', 2004இல் 'மெசஞ்சர்', 2012இல் 'சன்' என்று மூன்று நாவல்கள் தொடர்ந்தன. இரண்டாவது தொடர்ச்சியைப் படித்தால் ஜோனஸ் என்ன ஆனான் என்பது தெரிந்துவிடும். விடை தெரியாமல் தூக்கம் வரவில்லை என்றால் படியுங்கள்; ஆனால் நடுவில் உள்ள இரண்டும் வேறு ஊர்களில் நடக்கும், மாயம் கலந்த கதைகள் என்பதால், முதல் நூலில் நீங்கள் தேடிய அறிவியல் அவற்றில் இன்னும் குறைவு. 'சன்' நாவலின் முதல் பகுதியை மட்டும் தனியாகப் பரிந்துரைப்பேன். அது ஜோனஸின் ஊருக்கே திரும்பி, பதினான்கு வயதில் கேப்ரியலைப் பெற்றெடுத்த கிளேர் என்ற பெண்ணின் பக்கத்திலிருந்து அதே நாட்களைச் சொல்கிறது. பிரசவத்துக்குப் பின் அவளை மீன்பண்ணைக்கு மாற்றிவிடுகிறார்கள், உணர்ச்சிகளை அடக்கும் மாத்திரையை அவளுக்குக் கொடுக்க மறந்துவிடுகிறார்கள், அவள் தன் குழந்தையைத் தேடத் தொடங்குகிறாள்.